அப்படியே வாசிக்காமல் வேறாக வாசித்தவர்கள்: எந்தத் தொகுப்பிலிருந்து தொடங்கலாம்?

நாலாம் தந்தி (திருச்சி) கேட்டது:

வணக்கம். திருச்சியில் ஒன்பது பேர் கொண்ட மெல்லிசைக் குழுவில் இருபத்திரண்டு ஆண்டுகளாக வயலின் வாசிக்கிறேன். கல்யாண வரவேற்பு, கோயில் திருவிழா, பள்ளி ஆண்டு விழா என்று மாதத்துக்கு ஏழெட்டு மேடைகள் அமையும். எங்கள் தொழிலில் பாராட்டு என்றால் ஒன்றே ஒன்றுதான்: "ரெக்கார்டில் கேட்டது போலவே இருந்தது." அந்த வார்த்தைக்காகவே இத்தனை ஆண்டும் உழைத்திருக்கிறோம். இடையிசையில் ஒரு புல்லாங்குழல் பிட்டு விட்டுப்போனால்கூட முன்வரிசையில் இருக்கும் பெரியவர் யாராவது கண்டுபிடித்துவிடுவார்.

இப்போது முதன்முறையாக வேறொன்று கேட்டிருக்கிறார்கள். உள்ளூர்ச் சபை ஒன்று தை மாத விழாவில் எங்களுக்கு நாற்பத்தைந்து நிமிடம் ஒதுக்கியிருக்கிறது. விஸ்வநாதன் - ராமமூர்த்தி இரட்டையரின் எட்டுப் பாடல்கள். ஆனால் ரெக்கார்டில் உள்ளபடி வேண்டாம், உங்கள் காதில் அவை எப்படி விழுகின்றனவோ அப்படி வாசியுங்கள் என்கிறார்கள். ராமமூர்த்தி எங்கள் ஊர்க்காரர், வயலின்காரரும்கூட. ஏனோதானோ என்று இதைச் செய்ய எனக்கு மனம் வரவில்லை.

சென்ற மாதம் எங்கள் தபேலாக்காரர் ஒரு காணொளி அனுப்பினார். லாகூரில் உள்ள சாச்சல் ஸ்டூடியோ இசைக்குழு, அமெரிக்க ஜாஸ் பியானோக்காரர் டேவ் புரூபெக் குழுவின் 'டேக் ஃபைவ்' வாசிக்கிறது. 2011இல் அவர்கள் வெளியிட்ட ஜாஸ் தொகுப்பில் இருக்கும் உருப்படி. காதில் ஹெட்போனுடன் வரிசையாக உட்கார்ந்திருக்கும் வயலின்காரர்களில் நரைத்த தலைகள் அதிகம். லாகூர் சினிமாத் தொழில் படுத்தபோது பிழைப்பு இழந்தவர்கள். வில்லை அவர்கள் பிடித்திருக்கும் விதத்தைப் பார்த்ததும் எனக்கு அப்பா ஞாபகம் வந்தது. மணிக்கட்டைத் தளரவிட்டு, வில்லின் நடுப்பகுதியை விட்டு நகராமல், மைக்கில் உரசல் விழாதபடி வாசிக்கும் ரெக்கார்டிங்காரர்களின் கை.

அப்பா 1968இல் கோடம்பாக்கத்துக்குப் போனவர். இருபது வயலின்கள் உட்கார்ந்த இடத்தில் ஒரு கீபோர்டு வந்து உட்கார்ந்த பிறகு, 1995இல் ஊர் திரும்பிவிட்டார். இப்போது வயது எழுபத்தொன்பது. வாத்தியப் பெட்டியைத் திறந்து பல ஆண்டுகள் ஆகின்றன.

அன்றிரவு கைபேசியை அவரிடம் கொடுத்தேன். காது சற்று மந்தம் என்பதால் ஒலியை முழுதாக வைத்து மார்பின்மேல் சாய்த்துக்கொண்டார். சாய்வு நாற்காலியின் கைப்பிடியில் விரல் தாளம் போடத் தொடங்கியது. ஐந்து எண்ணிக்கையுள்ள கண்ட சாபு: தக தகிட. இரண்டு சுற்று ஒட்டிக்கொண்டு போனது, மூன்றாவதில் இடறியது. விரலைத் தூக்கிக் காற்றிலேயே நிறுத்திவிட்டார். சிதார் ஒரு சுற்றை முடிக்கும்வரை பொறுத்திருந்து மறுபடி வைத்தபோது, தகிட தக. அதன் பிறகு கடைசிவரை விரல் தவறவில்லை. முடிந்ததும் "மறுபடி போடு" என்றார். நான்கு முறை கேட்டார்.

அதனால்தான் உங்களிடம் கேட்கிறேன். ஒருவருடைய பாடல்களை இன்னொருவர் எடுத்து, ஒரு முழுத் தொகுப்பாகப் புதிதாய் ஆக்கிய இசைத்தட்டுகளில் நீங்கள் நெஞ்சார நேசிப்பவை எவை? ஒரு பாட்டு போதாது. முழுத் தொகுப்பு வேண்டும். எதை வைத்துக்கொண்டார்கள், எதை விட்டார்கள் என்று கேட்டுப் படிக்க வேண்டும். "மெட்டைத் தொடாதே, தாளத்தை மாற்று" என்கிறார் எங்கள் கீபோர்டுக்காரர். குழல்காரர் சொல்வது நேர்மாறு. இரண்டு ஒத்திகை இந்த வாக்குவாதத்திலேயே போய்விட்டது.


தகதிமி (யாழ்ப்பாணம்) பதில்:

அண்ணா, உங்கள் அப்பாவின் விரல் இடறிய இடத்தைத்தான் நான் மிருதங்க வகுப்பில் பிள்ளைகளுக்குக் காட்டுவேன். நமது கண்ட சாபு இரண்டும் மூன்றும். புரூபெக் குழுவின் சாக்ஸஃபோன்காரர் பால் டெஸ்மண்ட் எழுதிய 'டேக் ஃபைவ்' மூன்றும் இரண்டும். எண்ணிக்கை ஐந்துதான், ஆனால் பாரம் விழும் இடம் மாறுகிறது. புரூபெக்கின் பியானோ அந்த ஐந்தை விடாமல் பிடித்துக்கொண்டே இருக்க, அதன்மேல் ஜோ மோரெல்லோ டிரம்ஸில் தனியாக நின்று விளையாடுவார். மூன்றாவது சுற்றில் பிழையை உணர்ந்து, அடுத்ததில் இடத்தைப் பிடித்திருக்கிறார் என்றால் உங்கள் அப்பாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். நான் முதலில் கேட்டபோது ஒரு மாலை முழுவதும் பிடித்தது.

அந்தப் பாட்டுக்கும் நம் பக்கத்துக்கும் ஒரு தொடர்பு இருக்கிறது. 1958இல் அமெரிக்க அரசு புரூபெக் குழுவை ஒரு நீண்ட பயணம் அனுப்பியது. போலந்து, துருக்கி, இந்தியா, இலங்கை, பாகிஸ்தான் என்று போனார்கள். சென்னையிலும் வாசித்தார்கள். துருக்கியில் தெருவில் கேட்ட ஒன்பது எண்ணிக்கைத் தாளம் புரூபெக்கைப் பிடித்துக்கொண்டது. மறு ஆண்டு வந்த 'டைம் அவுட்' தொகுப்பே வழக்கமான நான்கை விட்டு வெளியே போக வேண்டும் என்று செய்ததுதான். 'டேக் ஃபைவ்' அதில்தான் இருக்கிறது. அதே 1958இல் லாகூர்க் கச்சேரிக்குத் தன் தகப்பனாரோடு போன ஒரு சிறுவன்தான் பிற்பாடு சாச்சல் ஸ்டூடியோவை உருவாக்கிய இஸ்ஸத் மஜீத். ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் அந்த இசையை மனதில் வைத்திருந்து, வேலையில்லாமல் இருந்த கலைஞர்களைத் தேடித் தேடிச் சேர்த்து, திருப்பிக் கொடுத்திருக்கிறார். புரூபெக் உயிரோடு இருக்கும்போதே அதைக் கேட்டுப் பாராட்டினார். அவர் 2012 டிசம்பரில் காலமானார்.

2013இல் அந்த லாகூர்க் கலைஞர்கள் நியூயார்க் சென்று விண்டன் மார்சாலிஸின் பெரிய ஜாஸ் குழுவோடு மேடையேறினார்கள். 'சாங் ஆஃப் லாகூர்' என்ற ஆவணப்படத்தில் அந்த ஒத்திகை நாள்களைக் காட்டுகிறார்கள். அதை உங்கள் குழுவோடு கட்டாயம் பாருங்கள். சுரத்தாள் பார்த்து வாசிக்கிறவர்களும் காதால் பிடித்து வாசிக்கிறவர்களும் ஓர் அறையில் சேரும்போது எவ்வளவு வியர்க்கிறது என்பது தெரியும். பிறகு மேடையில் பாகர் அப்பாஸின் புல்லாங்குழல் எழும்போது அந்த வியர்வைக்கெல்லாம் அர்த்தம் கிடைக்கும்.

ஒரு வேண்டுகோள். நாலில் உள்ள பாட்டை ஐந்தில் போடலாம் என்று ஆசை வந்தால், வாத்தியக்காரர்களை விட்டுவிட்டு முதலில் பாடகரிடம் வரிகளைத் தாளத்தோடு சொல்லிப் பார்க்கச் சொல்லுங்கள். சொல் எங்காவது நசுங்கினால் அந்தப் பாட்டுக்கு ஐந்து வேண்டாம்.


மேசைக்குப் பின்னால் (கோவை) பதில்:

நண்பரே, நான் ஒலிப்பதிவு வேலை பார்க்கிறவன். எனக்கு 'டப் சைட் ஆஃப் தி மூன்'தான். பிரிட்டிஷ் ராக் குழுவான பிங்க் ஃபிளாய்டின் 1973ஆம் ஆண்டுத் தொகுப்பான 'தி டார்க் சைட் ஆஃப் தி மூன்' முழுவதையும், முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டுவரை அதே வரிசையில், ஜமைக்கா நாட்டு இசையான ரெகேயாக மாற்றி 2003இல் வெளியிட்டார்கள். செய்தது நியூயார்க்கைச் சேர்ந்த ஈஸி ஸ்டார் ஆல்-ஸ்டார்ஸ். இசையமைப்பை முன்னின்று செய்தவர் மைக்கேல் கோல்ட்வாசர்.

ரெகேயிலிருந்து பிறந்த டப் என்றால் என்ன என்பதைச் சொல்லிவிடுகிறேன், உங்களுக்கு அது பயன்படும். ஜமைக்காவின் கிங்ஸ்டனில் கிங் டப்பி என்பவர் இருந்தார். மின்சாதனங்களைப் பழுதுபார்ப்பது அவர் தொழில். பதிவான பாட்டிலிருந்து குரலை எடுத்துவிட்டு, பாஸையும் டிரம்ஸையும் நடுவில் நிறுத்தி, மற்றவற்றை எதிரொலியில் தோன்றவும் மறையவும் விடுவார். மிக்சர் மேசையே அவருக்கு வாத்தியம். அதாவது மறுஆக்கம் என்பது அவரிடம் நீக்குவதில் தொடங்குகிறது. என் மேசைக்கு முன்னால் உட்காரும்போதெல்லாம் அவரை நினைத்துக்கொள்கிறேன்.

இந்தத் தொகுப்பில் 'மணி' (பணம்) என்ற பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். மூலத்தில் கல்லாப்பெட்டியும் சில்லறையும் ஏழு எண்ணிக்கையில் சுழலும். இவர்கள் கல்லாவைத் தூக்கிவிட்டு, புகைக்கிற நீர்க்குழாயின் குமிழிச் சத்தத்தையும் இருமலையும் அதே இடத்தில் வைத்தார்கள். கேட்டதுமே கிங்ஸ்டன் தெருவுக்குப் போய்விடுகிறோம். ஆனால் ஏழு எண்ணிக்கையை விடவில்லை. ரெகே பெரும்பாலும் நாலில் நடக்கிற இசை. அதை ஏழில் நடத்தி, கேட்கிறவன் தலையாட்டுவதும் நிற்காமல் பார்த்துக்கொண்டது சாதாரண வேலையில்லை. உங்கள் கீபோர்டுக்காரரும் குழல்காரரும் இந்த ஒரு பாட்டைச் சேர்ந்து உட்கார்ந்து கேட்கட்டும்.

உங்கள் அப்பாவைப் பற்றிப் படித்ததும் இன்னொன்றையும் சொல்லத் தோன்றியது. அதே தொகுப்பின் மூலத்தில் சொற்களே இல்லாமல் ஒரு பெண்குரல் கதறும் பாட்டு இருக்கிறது. பாடியவர் கிளேர் டோரி. 1973 ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அழைத்தார்கள், வந்தார், மெட்டு என்று எதுவும் கொடுக்காத நிலையில் தானாகக் கற்பனை செய்து பாடினார், 30 பவுண்டு வாங்கிக்கொண்டு போனார். பாட்டை ஆக்கியவர் என்று குழுவின் கீபோர்டுக்காரர் ரிச்சர்ட் ரைட்டின் பெயர் மட்டும் முப்பது ஆண்டுகள் இருந்தது. டோரி வழக்குப் போட்டு, 2005இல் உடன்பாடு ஏற்பட்ட பிறகே அவர் பெயரும் சேர்ந்தது. டப் தொகுப்பில் அந்தப் பாட்டைப் பாடும் கிர்ஸ்டி ராக், டோரி அன்று கற்பனையில் போட்ட வழியைத்தான் மெட்டாக எடுத்துக்கொள்கிறார். அப்படியென்றால் அது டோரியின் ஆக்கம்தானே?

நம் சினிமாப் பாடல்களிலும் எத்தனையோ பிட்டுகள் வாசித்தவர் கையிலிருந்து அந்த நிமிடத்தில் பிறந்தவை. உங்கள் எட்டுப் பாடல்களிலும் மக்கள் முணுமுணுக்கிற இடையிசைகள் எவை என்று அப்பாவிடம் கேளுங்கள். அவர் சொல்லும் பதிலில் உங்கள் நிகழ்ச்சி இருக்கலாம்.


மெட்டுக்கு எழுதுபவள் (புதுச்சேரி) பதில்:

பாடகர்கள் இருக்கிற குழு என்பதால் சொல்கிறேன், செவு ஜார்ஜைக் கேளுங்கள். பிரேசில்காரர். 2004இல் வந்த ஒரு படத்தில் மாலுமியாக நடித்துக்கொண்டே, ஒற்றைக் கிடாரோடு ஆங்கிலேய ராக் பாடகர் டேவிட் போவியின் பாடல்களைப் போர்த்துகீசிய மொழியில் பாடினார். 'தி லைஃப் அக்வாட்டிக் ஸ்டூடியோ செஷன்ஸ்' என்ற பெயரில் மறு ஆண்டு தனித் தொகுப்பாக வந்தது. போவியின் மூலப் பதிவுகளில் மின்கிடார், பியானோ, தந்தி வாத்தியங்கள் எல்லாம் சேர்ந்து பெரிதாக எழும். இங்கே ஒருவர் கப்பல் மேல்தளத்தில் உட்கார்ந்து தனக்குத்தானே பாடிக்கொள்வது போல இருக்கிறது.

வரிகள் பல இடங்களில் மொழிபெயர்ப்பே அல்ல. மெட்டுக்கு அவரே எழுதிக்கொண்டவை. மெட்டுக்கு எழுதிப் பிழைக்கிற எனக்கு அது பெரிய விடுதலையாக இருந்தது. கருத்தை அப்படியே கொண்டுவர முயன்றிருந்தால் போர்த்துகீசியச் சொல்லின் வளைவு கெட்டிருக்கும். இவர் போர்த்துகீசிய மொழியில் பாடியிராவிட்டால் தன் பாடல்களில் இப்படியோர் அழகைக் கேட்டே இருக்க மாட்டேன் என்று போவியே மனம்விட்டு எழுதினார். மூலக் கலைஞரிடமிருந்து அப்படியொரு சொல் வருவது எவ்வளவு பெரிய பேறு! போவி 2016இல் மறைந்த பிறகு, செவு ஜார்ஜ் அதே சிவப்புத் தொப்பியோடு ஊர் ஊராகப் போய் இந்தப் பாடல்களைப் பாடினார்.


பழைய நாடா (சென்னை) பதில்:

மேலே சொன்னவற்றில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் ஓர் எச்சரிக்கை. மாற்றுவது என்றதும் ஒரே சாயத்தில் எல்லாத் துணியையும் முக்கி எடுப்பது எளிது. பிரெஞ்சுக்காரர்களின் 'நுவெல் வாக்' தொகுப்பு (2004) பெரும்பாலும் இங்கிலாந்தின் நியூ வேவ் பாடல்களை, பிரேசிலின் மென்மையான போசா நோவா பாணியில் போட்டது. மூன்று பெயருக்கும் ஏறக்குறைய 'புதிய அலை' என்ற ஒரே பொருள் என்பது அழகான யோசனை. முதல் நான்கு பாட்டு மயக்கும். அதன் பிறகு அடுத்த பாட்டு எப்படி இருக்கும் என்று முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது எனக்கு. எட்டுப் பாட்டுக்கும் ஒரே தந்திரத்தைப் பயன்படுத்தாதீர்கள்.

அமெரிக்கக் கன்ட்ரி பாடகர் ஜானி கேஷ், கடைசிக் காலத்தில் தயாரிப்பாளர் ரிக் ரூபினோடு சேர்ந்து பிறர் பாடல்களை வைத்துச் செய்தவற்றைக் கேளுங்கள். பாட்டுக்குப் பாட்டு அது எதைக் கேட்கிறதோ அதை மட்டும் கொடுத்தார்கள். 2002இல் வந்த 'ஹர்ட்' ஓர் இளைஞன் எழுதிய பாட்டு. எழுபது வயதில் உடல் தளர்ந்த கேஷ் பாடியபோது அந்தச் சொற்களுக்கு வேறு எடை வந்துவிட்டது. இனி அது என் பாட்டு இல்லை என்றார் எழுதிய டிரெண்ட் ரெஸ்னர்.


நாலாம் தந்தி (திருச்சி):

எல்லோருக்கும் நன்றி. நேற்று ஒத்திகை அறையில் 'மணி' பாட்டை ஆறு முறை கேட்டோம். கீபோர்டுக்காரரும் குழல்காரரும் சண்டையை நிறுத்திவிட்டு ஏழு எண்ணத் தொடங்கிவிட்டார்கள். ஒரு சந்தேகம்: எங்களுக்கு ஆண் குரல் ஒன்று, பெண் குரல் ஒன்று. இருவர் குரலும் ஒட்டவே ஒட்டாது. அவர் ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு விதமாகப் பாடுவார். அந்தப் பெண் ஓர் அணு பிசகாமல் பாடுவார். ஜோடிப் பாட்டுகளை என்ன செய்வது?


இரண்டாம் குரல் (கோலாலம்பூர்) பதில்:

ஐயா, உங்களுக்கு ராபர்ட் பிளாண்டும் அலிசன் கிராஸும் சேர்ந்து பாடிய 'ரெய்சிங் சாண்ட்' (2007) வேண்டும். நீங்கள் சொன்ன அதே பொருத்தமின்மை. பிளாண்ட், லெட் செப்பலின் என்ற ராக் குழுவில் உச்சஸ்தாயியில் அலறிய குரல். இரண்டு முறை ஒரே மாதிரி பாடாதவர். கிராஸ், புளூகிராஸ் என்ற அமெரிக்க நாட்டுப்புற மரபில் வளர்ந்த ஃபிடில்காரர், அதாவது வயலின்காரர்; குரலிசைவில் மயிரிழை தவறாதவர். இன்னொரு குரலோடு ஒட்டிப் பாடுவது பிளாண்டுக்கு அதுவரை பழக்கமே இல்லை. அந்த வயதில் அதைப் புதிதாகக் கற்றுக்கொண்டார்.

இதைச் சேர்த்துவைத்தவர் தயாரிப்பாளர் டி போன் பர்னெட். எவர்லி சகோதரர்கள், ஜீன் கிளார்க், டவுன்ஸ் வான் சாண்ட், டாம் வெயிட்ஸ் என்று பலருடைய பாடல்களைத் தேர்ந்தெடுத்தார். ஜே பெல்லரோஸின் டிரம்ஸ் தூரத்தில் யாரோ கதவைத் தட்டுவது போல அடக்கமாக ஒலிக்கும். மார்க் ரிபோவின் கிடார் தேவையான இடத்தில் மட்டும் பேசும். வான் சாண்டின் பாட்டு மூலத்தில் எலும்பும் தோலுமாக இருக்கும்; இங்கே கிராஸின் ஃபிடிலும் மின்கிடாரும் சேர்ந்து இடி முழங்குகிறது. கடைசிப் பாட்டில் எல்லாம் அடங்கிவிடும். 2009 கிராமியில் ஆண்டின் சிறந்த ஆல்பம் உட்பட ஐந்து விருதுகள் கிடைத்தன.

நான் முப்பது ஆண்டுகளாகக் கோரஸ் பாடுகிறவள். என் அனுபவத்தில் சொல்கிறேன்: இருவரையும் ஒருவர் போலப் பாடவைக்க முயலாதீர்கள். அந்தப் பெண்ணுக்கு மெட்டைக் கொடுங்கள். ஆண் கீழே இரண்டாம் குரலில், ஏறக்குறைய பேசுகிற ஒலியளவில் வரட்டும். ஒரே மைக்கை இருவருக்கும் நடுவில் வைத்துப் பாருங்கள். அடுத்தவர் மூச்சு எடுப்பது காதில் விழுந்தால் பாதிப் பிரச்சினை தீரும்.


நாலாம் தந்தி (திருச்சி):

ஒரே மைக்கில் பாடவைத்தோம், அம்மா. முதல் சரணத்தில் அவர் தன் வழக்கப்படி எங்கோ ஏறினார். அந்தப் பெண் பாடுவதை நிறுத்தவில்லை. முகத்தைத் திருப்பி அவரைப் பார்த்தார், அவ்வளவுதான். இரண்டாவது சரணத்தில் அவர் குரல் இறங்கிவிட்டது. அந்தப் பாட்டு இப்போது எங்கள் கையில் இருக்கிறது.

கோவை நண்பர் சொன்னபடி அப்பாவிடம் எட்டுப் பாடல்களின் பட்டியலைக் கொடுத்தேன். இரட்டையர் 1965இல் பிரிந்துவிட்டார்கள், அதற்கு மூன்று ஆண்டு கழித்துத்தான் அப்பா அங்கே போனார். அதனால் எந்தப் பாட்டிலும் அவர் வாசிக்கவில்லை. ஆனால் அவருக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்த மூத்தவர்கள் வாசித்திருக்கிறார்கள். உணவு இடைவேளையில் பழைய பிட்டுகளை வாசித்துக் காட்டுவார்களாம். பட்டியலில் ஐந்தாவது பாட்டைத் தொட்டு, "இதில் இரண்டாவது இடையிசையை எல்லோரும் ஒரே வில்லில் வாசிக்கிறீர்கள். அது இழுத்து வாசிக்க வேண்டியது இல்லை, வெட்டி வெட்டி வாசிக்க வேண்டியது" என்று பாடிக் காட்டினார். இருபத்திரண்டு ஆண்டுகளாக நான் வாசித்துவரும் பிட்டு அது. ரெக்கார்டை மறுபடி போட்டுக் கேட்டேன். அவர் சொன்னதுதான் சரி.

எனவே எங்கள் திட்டம் இப்படி மாறியிருக்கிறது. ஐந்தாவது பாட்டில் பல்லவியும் சரணமும் பாடப்போவதில்லை. அந்த இடையிசையை மட்டும் எடுத்து, மூன்றும் இரண்டுமாக ஐந்தில் போட்டு, வயலின்களும் தபேலாவும் மட்டும் வாசிக்கிறோம். யாழ்ப்பாணத்துத் தங்கை சொன்ன ஆபத்து இதில் இல்லை, நசுங்குவதற்குச் சொல்லே கிடையாது. மேடையில் மூன்று வயலின்கள் தேவைப்படுகின்றன. இரண்டு பேர் இருக்கிறோம்.

அப்பா எதுவும் சொல்லவில்லை. ஆனால் இன்று காலை பரணிலிருந்து பெட்டியை இறக்கச் சொன்னார். வயலின் நன்றாக இருக்கிறது; வில்லில் பாதி முடியைப் பூச்சி அரித்திருக்கிறது. என்னுடையதோடு சேர்த்து அவருடையதையும் முடி கட்டக் கொடுத்திருக்கிறேன். வெள்ளிக்கிழமை கிடைத்துவிடும்.